கூத்தர் போன வழி

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, பள்ளிக்கூடம் விட்ட பிறகு, பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் வழவழப்பான வண்ணப் படப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தான். ஆப்பிரிக்கக் காடுகளில் பிரயாணம் செய்துவிட்டு வருவதற்கு ஆள் சேர்க்கும் விளம்பரப் புத்தகம் அது. ஒரு பக்கத்தில் பிடரி சிலிர்த்த சிங்கம்; மறு பக்கத்தில் செம்மண் புழுதி கிளப்பிக்கொண்டு வரும் யானைக் கூட்டம்; நடுவில் கூரையில்லாத மோட்டார் வண்டியில் நின்றபடி தொலைநோக்கிக் கண்ணாடியால் பார்க்கும் வெள்ளைக்காரத் தம்பதிகள். "மற்றவர் கால் படாத வனாந்தரம்" என்ற பொருளில் கொட்டை எழுத்துத் தலைப்பு. கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், தலைக்கு இத்தனை லட்சம் ரூபாய் என்று கட்டண விவரம்.

"ஸார், இப்படிப்பட்ட இடம் நம் பக்கத்தில் கிடையாதா?" என்று கேட்டான் பையன்.

எங்கள் ஊர் போளூர்ப் பக்கத்தில் இருக்கிறது. பள்ளிக்கூட மாடி வராந்தாவில் நின்று மேற்கே பார்த்தால், அடிவானம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நீலமாய்க் கிடக்கும் ஜவ்வாது மலை. பையன் பிறந்தது முதல் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். மழை வருமா வராதா என்று தெரிந்துகொள்வதற்கு அம்மலையை அண்ணாந்து பார்ப்பதேயன்றி, அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று அவன் கேட்டதில்லை. அவனை மாத்திரம் குறை சொல்லி என்ன பயன்? இருபது வருஷமாக அதே வராந்தாவில் நின்று பாடம் சொல்லும் நானும் அதற்குள்ளே கால் வைத்து நடந்தவனல்லன். மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூருக்கு இரண்டொரு தடவை பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன், அவ்வளவே.

"இருக்கிறது. அந்த இடத்துக்கு வழிகாட்டிப் புத்தகம்கூட இருக்கிறது. சங்க காலத்தில் எழுதியது" என்றேன்.

பையன் நான் வேடிக்கை செய்வதாக நினைத்துச் சிரித்தான். ஆனால் நான் சொன்னது முழு உண்மை.

பழைய வழிகாட்டி

பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டாகிய மலைபடுகடாம், கூத்தராற்றுப்படை என்றும் பெயர் பெற்றது. 583 அடிகள் கொண்டது. பெருங்கௌசிகனார் என்னும் புலவர் பாடியது. செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் வேறொரு கூத்தர் கூட்டத்துக்கு, "நீங்களும் போங்கள், இப்படிப் போங்கள்" என்று வழி சொல்வதுதான் பாட்டு முழுவதும். அந்தச் செங்கண்மாதான் இன்றைய செங்கம். பாட்டில் வரும் சேயாறு இன்றைய செய்யாறு. நவிரமலை என்று பாட்டுச் சொல்வது பர்வதமலை என்பது அறிஞர் துணிபு. அது ஜவ்வாது மலைக்குக் கீழ்ப்புறத்தில், ஊசி நட்டாற்போல் தனித்து நிற்பது. உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1889-ஆம் ஆண்டில் பத்துப்பாட்டை அச்சேற்றிராவிட்டால், நம் வீட்டுக் கொல்லைப்புறத்து மலைக்கு இப்படியொரு சரித்திரம் உண்டென்பதை நாம் அறிந்திருக்கவே மாட்டோம்.

பையனுடைய படப் புத்தகத்தையும் பழைய பாட்டையும் அன்றிரவு பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன். படப் புத்தகம் எங்கே எந்த விலங்கைப் பார்க்கலாம் என்று பட்டியல் போடுகிறது. பாட்டோ, எப்படி நடக்க வேண்டும் என்று கற்பிக்கிறது. பன்றிகளுக்கு வைத்த கற்பொறிகள் வழியில் இருக்கும், ஆகையால் விடியுமுன் நடக்காதீர்கள் என்கிறது. பாம்புப் புற்றுள்ள இடத்தைக் கும்பிட்டுக் கடந்து போங்கள். தினைப்புனத்தில் யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள், மரத்தின் மறைவிலே செல்லுங்கள். வழுக்குப் பாறையில் கொடியைப் பற்றிக்கொள்ளுங்கள் என்கிறது. வழி தவறினால் பயப்பட வேண்டாம். அகன்ற பாறையில் அமர்ந்து உங்கள் வாத்தியங்களை வாசியுங்கள், புனங்காக்கும் கானவர் ஓசை கேட்டு ஓடிவந்து உதவுவார்கள் என்கிறது. அவர்கள் வீட்டில் உங்களுக்குச் சோறு கிடைக்கும் என்று, ஊர் ஊராக, என்ன சோறு என்பதையும் சொல்கிறது. மூங்கிற் குழாயில் முற்றிய தேன் கள்ளையும் விடாமல் சொல்கிறது. பள்ளிக்கூட உபாத்தியாயனாகிய நான் அந்த இடத்தை மாத்திரம் சற்று வேகமாகத் தாண்டிவிடுகிறேன்!

இன்னொன்றையும் அந்தப் பாட்டுச் சொல்கிறது. வழி பிரியும் இடங்களில் சந்தியைத் துப்புரவு செய்து, புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள். பின்னால் வருகிறவர்கள் திகைக்காமல் இருக்க வேண்டும் அல்லவா, என்கிறது.

இதைப் படித்ததும் எனக்கு வெட்கமாயிருந்தது. மறு வாரமே வன இலாகாவின் அனுமதிக்கு எழுதிப் போட்டேன். காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம் என்பதை நேயர்கள் மறக்கக் கூடாது. அனுமதி கிடைத்தது. மலையூர் ஒன்றில் எனக்கு முன்பே பழக்கமான ஒருவர் மூலமாக வழிகாட்டியும் கிடைத்தார். அறுபது வயதைத் தாண்டிய பெரியவர்.

ஸஃபாரி என்னும் சொல்

காட்டுக்குள் போகுமுன், "ஸஃபாரி" என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி பாஷையில் அதற்குப் பிரயாணம் என்பதே பொருள். "ஸஃபர்" என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குச் சாமான் சுமந்து மாதக் கணக்கில் நடந்தவர்களின் சொல் அது. துரைமார்கள் துப்பாக்கியோடு வந்து சேர்ந்த பிறகுதான் அது வேட்டையைக் குறிக்கலாயிற்று. 1909-ஆம் ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதிப் பதவியிலிருந்து விலகிய தியோடர் ரூஸ்வெல்ட், மகனை அழைத்துக்கொண்டு கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனார். தகப்பனும் மகனுமாகச் சுட்டு வீழ்த்திய விலங்குகள் 500-க்கு மேல். அந்தக் கணக்கு அவருடைய புத்தகத்திலேயே விவரமாய் இருக்கிறது. அவர்களுக்காகப் பெட்டி சுமந்து, தண்ணீர் இருக்கும் இடம் காட்டி, விலங்கின் அடிச்சுவடு பார்த்துச் சொன்னவர்கள் நூற்றுக்கணக்கான பேர். காட்டை அறிந்தவர்கள் அவர்களே. கீர்த்தி மாத்திரம் சுட்டவருக்கு.

பிறகு துப்பாக்கி போய்ப் புகைப்படக் கருவி வந்தது. அது பெரிய முன்னேற்றந்தான், சந்தேகமில்லை. ஆனாலும் "மனிதர் இல்லாத வனாந்தரம்" என்ற ஆசை ஒழியவில்லை. தலைமுறை தலைமுறையாக ஸெரெங்கெட்டிப் புல்வெளியில் மாடு மேய்த்து வந்த மஸாய் மக்கள், 1959-ஆம் ஆண்டில் அந்தப் பூங்காவின் எல்லைக்குள் குடியிருக்கக் கூடாதென்று வெளியேற்றப்பட்டனர். படத்தில் மனிதர் இல்லாமலிருப்பதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

ஆப்பிரிக்கா நம் வட ஆற்காட்டாருக்குப் புதிய பெயரன்று. 1860-ஆம் ஆண்டு முதல் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ப் போன தமிழரில் எங்கள் ஜில்லாக்காரர் மிகப் பலர். அவர்கள் போனது சிங்கம் பார்க்க அல்ல. தன் ஊரில் தன் கைக்கு வேலை கிடைக்காதவன் எவ்வளவு தூரம் போவான் என்பதற்கு அவர்கள் அத்தாட்சி. இந்த விஷயத்தை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மலைமேல் இதற்கு வேலை இருக்கிறது.

மலைக்குள்ளே

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமும் 32 கிலோமீட்டர் அகலமும் உள்ளது. வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று ஜில்லாக்களில் பரந்து கிடக்கிறது. செய்யாறும் அகரம் ஆறும் அதைக் கிழக்கு மேற்காகப் பிளந்துகொண்டு பாலாற்றை நோக்கிப் போகின்றன. சிகரங்கள் 3,000 அடிக்கு மேல் உயர்ந்தவை. நீலகிரிபோல் குளிர்ச்சியும் தேயிலையும் இல்லாத காரணத்தால் வெள்ளைக்காரன் இங்கே பங்களா கட்டிக் குடியேறவில்லை. கோடை விழாச் சமயத்தில் ஜமுனாமரத்தூரில் கூட்டம் நெரியும். படகும் அருவியும் பார்த்துவிட்டு ஜனங்கள் அன்று மாலையே இறங்கிவிடுவார்கள். மற்ற நாட்களில் மலை தன் போக்கில் இருக்கும்.

தை மாதத்துப் பனி விலகாத காலையில் பெரியவர் முன்னும் நான் பின்னுமாகப் புறப்பட்டோம். அவர் கையில் ஒரு கழி. என் தோளில் ஒரு பை. அறுவடை முடிந்த சாமைக் கொல்லையைத் தாண்டியதும் காடு தொடங்கிவிட்டது. மூங்கிற் புதர், வேங்கை, கடுக்காய், கொன்றை. முதல் அரை மணி நேரம் நான் கண்டது மரங்களை மாத்திரம். பெரியவரோ ஒவ்வோரடியிலும் எதையாவது வாசித்துக்கொண்டே வந்தார். என்னுடைய இருபத்தைந்து வருஷப் படிப்பு அந்தக் காட்டில் ஓரெழுத்துக்கும் உதவவில்லை.

ஓரிடத்தில் கறையான் புற்று ஒன்று பிளந்து கிடந்தது. மண் ஈரம் உலரவில்லை.

"ராத்திரி வந்திருக்கு" என்றார் பெரியவர்.

"எது?"

"கரடி. பாருங்க, இது நகம் கிழிச்ச இடம்."

கரடிக்கு மேல்தாடையில் முன்பற்கள் இரண்டு இல்லை. அந்த இடைவெளி வழியாகத்தான் கறையானை உறிஞ்சும். முதலில் மண்ணை ஊதித் தள்ளும். பிறகு உதடுகளைக் குழாய் போலக் குவித்து இழுக்கும். இந்த உறுப்பமைப்பு நான் புத்தகத்தில் படித்ததுதான். அந்தச் சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும் என்பதையும், கேட்டால் எந்தத் திசையில் விலக வேண்டும் என்பதையும் பெரியவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கொஞ்ச தூரத்தில் எச்சம் கிடந்தது. கழியின் நுனியால் அதைப் பிரித்துக் காட்டினார், கொன்றை விதைகள். "இது தின்னு போடற கொட்டைதான் அங்கங்கே மரமாகுது" என்றார். கரடி இங்கே தோட்டக்காரன் வேலையும் பார்க்கிறது!

அன்று முழுவதும் நாங்கள் கரடியைப் பார்க்கவில்லை, சிறுத்தையையும் பார்க்கவில்லை. புள்ளிமான்கள் நான்கைந்து ஓடையோரத்தில் நின்று எங்களைப் பார்த்துவிட்டு மறைந்தன. காட்டுப் பன்றி கிளறிய மண், முள்ளம்பன்றி உதிர்த்த முள் ஒன்று, மயிலின் அகவல். கண்ணால் கண்டது இவ்வளவே. ஆனால் மத்தியானம் ஒரு பாறைமேல் உட்கார்ந்தபோது பெரியவர் பேச்சை நிறுத்தச் சொல்லிக் கையமர்த்தினார். கால் மணி நேரம் சும்மா இருந்தோம். கீழே ஓடை பாறையில் விழும் ஓசை, எங்கோ ஒருவன் மாட்டை அதட்டும் குரல், மரங்கொத்தி தட்டுவது, அடிவாரத்து ஊரில் உரலில் ஏதோ இடிக்கும் சத்தம். அப்போதுதான் எனக்கு மலைபடுகடாத்தின் பெயர்க் காரணம் விளங்கிற்று. மலையை யானையாகவும், மலையில் பிறக்கும் ஓசைகளை அந்த யானையின் மதமாகவும் வைத்துப் புலவர் பாடியிருக்கிறார். அருவியாடுவோர் ஆரவாரம், தேன் எடுப்போர் கூச்சல், கிளி கடியும் பெண்களின் குரல், கரும்பாலையின் சத்தம், யானையின் பிளிறல் என்று ஒவ்வொன்றாய் அடுக்குகிறார். காட்டு ஓசையும் மனிதர் ஓசையும் அங்கே ஒன்றோடொன்று கலந்தே வருகின்றன.

அந்த அடுக்கில் யானையின் குரலை மாத்திரம் நான் கேட்கவில்லை. திருவண்ணாமலைப் பக்கத்துக் காடுகளில் சுற்றிக்கொண்டிருந்த ஆறு யானைகள் கொல்லைகளில் புகுந்து சேதம் விளைத்ததால், 2013-ஆம் ஆண்டில் கும்கிகளைக் கொண்டு அவற்றைப் பிடித்து வேறிடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். குடியானவனுடைய நஷ்டத்தை நான் அறிவேன். அதைத் தவறென்று சொல்ல வரவில்லை. யானையின் பெயரால் பாட்டுப் பெற்ற மலை என்பதை மாத்திரம் நினைத்துக்கொண்டேன்.

வழி இரண்டாகப் பிரிந்த இடத்தில் பெரியவர் ஒரு நிமிஷம் நின்றார். பாதையோரத்துச் செடியின் கிளையொன்றை மடித்து, நாங்கள் போகும் பக்கமாகச் சாய்த்துவைத்துவிட்டு நடந்தார். "எதற்கு?" என்று கேட்டேன். "பின்னாலே யாராவது தேடிக்கிட்டு வந்தா தெரியணுமில்லே" என்றார். அவர் பள்ளிக்கூடத்தில் படித்தவரல்லர். பத்துப்பாட்டு அச்சேறியதையும் அறியார்.

மலை ஆட்கள்

இம்மலையில் வாழும் மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரள தேசத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்வோர், மலையில் வாழும் ஆட்கள் என்று பொருள். பேசுவது தமிழ். ஊர்கள் சேர்ந்து நாடு என்பது இவர்களுடைய ஏற்பாடு. புதூர்நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு என்று இன்றும் வழங்குகின்றன.

இவர்கள் இங்கே வந்த விதத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. கங்குந்தியைச் சேர்ந்த வேடர்கள் காஞ்சீபுரத்து வேளாளரிடம் பெண் கேட்டு, இல்லையென்ற கோபத்தில் ஏழு கன்னியரைத் தூக்கிச் சென்றார்களாம். ஏழு வேளாளர்கள் ஏழு நாய்களுடன் மீட்கப் புறப்பட்டார்கள். "நாய்கள் மாத்திரம் திரும்பி வந்தால் நாங்கள் இறந்தோம் என்று கருமம் செய்துவிடுங்கள்" என்று மனைவியரிடம் சொல்லிப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். மனிதர் அக்கரை சேர்ந்தனர். நாய்கள் பாதி ஆற்றிலிருந்து திரும்பிவிட்டன. பெண்களை மீட்டுக்கொண்டு அவர்கள் வீடு வந்து பார்த்தபோது கருமம் முடிந்திருந்தது. மனைவியர் விதவைக் கோலத்தில் இருந்தனர். உயிரோடிருந்தும் ஊருக்கு இறந்தவராகிவிட்ட அந்த எழுவரும் வேடப் பெண்களை மணந்து இந்த மலை ஏறினார்களாம்.

கதை உண்மையோ இல்லையோ, அதன் கருத்து என்னை விட்டு அகலவில்லை. சமவெளியில் இருக்கும் நாம் இம்மக்களை அன்று முதல் இன்று வரை இல்லாதவராகவே பாவித்து வருகிறோம்.

அன்று மத்தியானம் பெரியவர் வீட்டில் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் உண்டேன். அவர் மனைவி, "நெல்லுச் சோறு இல்லையே" என்று மூன்று தரம் வருத்தப்பட்டார். "அம்மா, பட்டணத்தில் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து இந்தச் சாமையை வாங்கித் தின்கிறார்கள்" என்றேன். அவர் அதை நம்பவில்லை.

சந்தனமும் செம்மரமும்

சாப்பாட்டுக்குப் பின் பெரியவர் என்னை வேறொரு பக்கம் அழைத்துப் போனார். புதருக்குள் குனிந்து இலைகளை விலக்கினார். இடுப்புயரச் செடி ஒன்று நின்றது. சந்தனம்!

ஒரு காலத்தில் ஜவ்வாது மலை என்றாலே சந்தனந்தான். சந்தனம் தனித்து வளராது. பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரைக் கோத்துக்கொண்டு, அதன் உதவியால் வளரும். அடிமரத்தில் வைரம் ஏற முப்பது ஆண்டுகளேனும் வேண்டும். அது யார் நிலத்தில் முளைத்தாலும் சர்க்காருக்கே சொந்தம் என்ற சட்டம் நெடுங்காலம் இருந்தது, பிற்பாடே தளர்த்தப்பட்டது. தன் கொல்லையில் முளைத்த சந்தனக் கன்று தனக்கு ஆதாயமாகாது, வம்பாக மாத்திரம் ஆகும் என்றால், அதைக் காப்பாற்ற யாருக்கு மனம் வரும்? திருடர்கள் வந்தார்கள், மரம் போயிற்று. மலையாளுக்குக் கிடைத்தது வெட்டுக் கூலியும், போலீஸ் வழக்கும்.

"இது இருக்கிற இடம் எனக்கும் என் சம்சாரத்துக்குந்தான் தெரியும்" என்றார் பெரியவர். ஆகையால் அது எந்த ஊர்ப் பக்கம் என்பதை நான் எழுதப் போவதில்லை.

சந்தனம் தீர்ந்தபின் செம்மரம் வந்தது. அது பெரும்பாலும் வடக்கே, ஆந்திர தேசத்தில் சேஷாசலம் முதலிய மலைகளில் விளைவது. கடல் கடந்து சீன தேசம் வரை கள்ளத்தனமாய்ப் போவது. அதை வெட்டுவதற்குக் காடு பழகிய கால்களும் கோடரி பழகிய கைகளும் வேண்டும். தரகர்கள் இந்த மலைக்கு வந்து, ஒரு வருஷக் கூலியை ஒரு வாரத்தில் தருவதாகச் சொல்லி ஆட்களை அழைத்துப் போகலானார்கள். 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி, திருப்பதிக்கு அருகே சேஷாசலக் காட்டில், ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர் மாண்டனர். ஜவ்வாது மலையையும் தருமபுரி ஜில்லா மலைகளையும் சேர்ந்தவர்கள் அவர்களில் பலர். மரத்தை வாங்கி விற்றுப் பணம் குவித்தவர்களில் ஒருவரும் அன்று அந்தக் காட்டில் இல்லை.

நேட்டாலுக்குப் போனவர்களைப் பற்றி முன்பு சொன்னேன் அல்லவா? நூற்றைம்பது வருஷம் கழிந்தும் கதை மாறவில்லை. தன் காட்டை இலை இலையாக அறிந்தவன், அந்த அறிவுக்குத் தன் ஊரில் விலை இல்லாததால், அயலான் காட்டில் திருட்டு மரம் வெட்டி உயிரை விடுகிறான்.

திரும்பி வரும்போது பெரியவர் சொன்னார்: "மரம் வெட்ட ஆள் கேட்டு வந்தவங்க நிறையப் பேரு, வாத்தியாரே. மரத்தைக் காட்டுன்னு கேட்டு வந்தவரு நீங்கதான்."

இரவு

அன்றிரவு மலையூரிலேயே தங்கினேன். விளக்கை அணைத்ததும் வானம் கீழே இறங்கிவிட்டது போலிருந்தது. எங்கள் ஊரில் பாடப் புத்தகத்தில் படம் போட்டுக் காட்டும் பால்வீதி, இங்கே தலைக்கு மேலே கோலப் பொடி தூவினாற்போல் கிடந்தது. இந்த இருட்டின் அருமையை ஒருவர் முன்பே கண்டுகொண்டார். வானநூல் விஞ்ஞானி வேணு பாப்பு அவர்கள் இதே மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்து, 1967-68-இல் 38 சென்டிமீட்டர்த் தொலைநோக்கி ஒன்றோடு அங்கே வேலை தொடங்கினார். 1977-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் தேதி இரவு, யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்துகொண்ட நிகழ்ச்சியைக் காவலூரிலிருந்தும் கவனித்துப் பதிவு செய்தார்கள். நம் நாட்டிலேயே ஆக்கிய 2.3 மீட்டர்த் தொலைநோக்கி 1986-இல் அங்கே அமைந்தது. இன்று அந்த நிலையத்துக்கு வேணு பாப்புவின் பெயர். இந்த மலையின் இருட்டுக்கு மதிப்பு உண்டென்று விஞ்ஞானிகள் கண்டார்கள். இதன் மனிதர்களுடைய அறிவுக்கும் மதிப்பு உண்டென்று எப்போது காண்போம்?

செய்யக் கூடியது

இது நடவாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆப்பிரிக்காவிலேயே நடந்திருக்கிறது. இன்றைய ஜாம்பியா அன்று வடக்கு ரொடீஷியா எனப்பட்டது. அங்கே லுவாங்குவா ஆற்றுப் பள்ளத்தாக்கில், 1950-ஆம் ஆண்டில், நார்மன் கார் என்னும் வன அதிகாரி, என்செபு என்ற குலத்தலைவரிடம் பேசி, அவர்கள் நிலத்தில் ஒரு பகுதியை விலங்குகளுக்காக ஒதுக்கச் செய்தார். பார்க்க வருகிறவர்கள் கொடுக்கும் கட்டணம் அந்தக் குலத்துக்கே சேர வேண்டும் என்பது ஏற்பாடு. உயிரோடு நிற்கும் யானை செத்த யானையைவிட அதிகம் சம்பாதித்துத் தரும் என்பதை அந்த மக்கள் தம் கண்ணால் கண்டார்கள். பிற்காலத்தில் அதே பள்ளத்தாக்கில்தான், மோட்டாரை விட்டு இறங்கி வழிகாட்டியின் பின்னால் நடந்து போகும் ஸஃபாரியும் பேர் பெற்றது. அதாவது, நம் கூத்தர் போன முறை!

நமக்கும் சட்டம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், தேன், கடுக்காய் முதலிய காட்டுப் பொருள்களின்மேல் வனவாசிகளுக்கு உரிமையும், தம் காட்டைக் காக்கும் அதிகாரமும் தந்திருக்கிறது. காட்டைக் காட்டிச் சம்பாதிக்கும் வேலையையும் அவர்களுக்கே முதலில் தர வேண்டும். பெரிய ஓட்டல்களும் மின்விளக்கு அலங்காரமும் மேலேறினால் இருட்டும் போகும், கரடியும் போகும். பத்துப் பேர் கொண்ட கூட்டம், ஒரு மலையூர் வழிகாட்டி, அவர் வீட்டுச் சாமைச் சோறு, அதற்குத் தகுந்த கூலி. இவ்வளவு போதும். போகிறவர்கள் கைப்பேசியில் பாட்டுப் போடாமலும், பிளாஸ்டிக் பையைப் போட்டுவிட்டு வராமலும் இருந்தால் இன்னும் விசேஷம்.

மறு நாள் காலையில் பஸ் ஏறுமுன் பெரியவர் கையில் பணம் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டுப் பாதியைத் திருப்பி நீட்டினார்.

"ஒரு நாள் நடந்ததுக்கு இது போதும்."

"அது நடந்ததற்கு. இது பார்த்ததற்கு" என்றேன்.

சற்று நேரம் என்னைப் பார்த்தார். பிறகு அதையும் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

பங்குனிக்குள் மாணவர்கள் எட்டுப் பேரை அழைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். படப் புத்தகம் கொண்டுவந்த பையன் பெயரைத்தான் பட்டியலில் முதலில் எழுதியிருக்கிறேன். தலைக்கு லட்சம் ரூபாய் வேண்டாம். பஸ் கட்டணமும், வழிகாட்டிக்கு ஒவ்வொருவர் பங்கும் கொண்டுவந்தால் போதும். சிங்கம் இல்லையே என்று அவன் குறைப்பட்டால், அந்த மடித்து வைத்த கிளையைக் காட்டலாம் என்றிருக்கிறேன்.